இட்லிக்குள் கேரட்டா, தட்டோரத்தில் அவரைக்காயா?

ஒன்றரை வயது வரை கீரை மசியலையும் பூசணிக்காய்க் கூட்டையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட என் மகள், இரண்டே கால் வயதில், தட்டில் பச்சையாக எது தென்பட்டாலும் உதட்டை இறுக மூடிக்கொள்ளத் தொடங்கினாள். அறியாத உணவை வாயில் வைக்கப் பிள்ளைகள் தயங்குவது இயல்பு என்றும், இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை அந்தத் தயக்கம் மிகுந்திருக்கும் என்றும் குழந்தைகளின் உணவுப் பழக்கத்தை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். அது தெரிந்திருந்தும், மூன்று வேளையும் தயிர்ச் சோறும் இட்லியுமாகவே நாள் கழியும்போது பெற்றவளுக்கு மனம் ஆறுவதில்லை. காயை வேகவைத்து அரைத்து, அவள் விரும்பும் உணவுக்குள் தெரியாமல் கலந்துவிடுவது ஒரு வழி. காயைக் காயாகவே தட்டில் வைத்து, அவளே எடுக்கும் வரை காத்திருப்பது மற்றொரு வழி. முதல் வழியில் ஏழு மாதங்களும் இரண்டாம் வழியில் ஓராண்டுக்கு மேலும் சென்று பார்த்துவிட்டேன். இப்போது இரண்டாவதன் பக்கமே நிற்கிறேன்.

மறைத்துக் கொடுப்பதன் நன்மையை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. அன்றைய காய் அன்றைக்கே வயிற்றுக்குள் போய்விடுகிறது, அழுகையும் இல்லை. நம் சமையலும் அதற்குத் தாராளமாக இடம் கொடுக்கிறது. கோவைப் பக்கத்து அரிசிம்பருப்புச் சாதத்தில் சுரைக்காயையோ சௌசௌவையோ துருவிப் போட்டு ஒரு விசில் கூடுதலாக விட்டால், காய் போன இடம் சமைத்தவளுக்கே தெரியாது. மஞ்சள் பூசணியை, எங்கள் ஊர்ப் பேச்சில் அரசாணிக்காயை, வேகவைத்து மசித்துச் சப்பாத்தி மாவோடு பிசையலாம். கேரட்டை அரைத்துத் தோசை மாவில் கலந்தால் முறுகலின் நிறத்தோடு நிறமாகப் போய்விடும்.

இந்த முறைக்கு ஆய்வுச் சான்றும் உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், 3 முதல் 5 வயது வரையிலான 40 பிள்ளைகளுக்கு, நாள் முழுதும் கொடுக்கும் உணவுகளில் அரைத்த காயைச் சேர்த்துப் பார்த்தார்கள். பிள்ளைகள் உண்ட காயின் அளவு நன்றாகவே கூடியது. தட்டில் தனியே வைத்த காயை உண்பதும் அதனால் குறையவில்லை. ஆகவே மறைத்துக் கொடுப்பது பயனற்றது என்று யாராவது சொன்னால் அதை நான் ஏற்கமாட்டேன். ஆனால் அந்த ஆய்வின் நோக்கத்தையும் பார்க்க வேண்டும். பிள்ளைகள் உண்ணும் கலோரியைக் குறைப்பதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. காயை மிகுதியாகச் சேர்த்தபோது கலோரி ஏறத்தாழ 12 விழுக்காடு குறைந்தது. காயில் நீரே அதிகம் என்பதால், அரைத்த காய் சேரச் சேர ஒவ்வொரு கவளத்தின் வலுவும் குறைகிறது. உடல் பருத்த பிள்ளைக்கு அது நல்லது. என் மகளைப் போல எடை தராசின் முள் நகரவே மாட்டேன் என்று நிற்கும் பிள்ளைக்கு அது நட்டம். இதை உணர்ந்த பிறகு, காய் கலந்த எதிலும் அரைக் கரண்டி நெய் கூடுதலாக விட்டேன். கேரட், அரசாணிக்காய் போன்றவற்றில் உள்ள, உடலில் வைட்டமின் ஏ-ஆக மாறும் சத்தை உடல் ஏற்பதற்கும் கொழுப்பு தேவை என்பதால் நெய் இரட்டைப் பயன் தந்தது.

அளவுக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்த்தேன். 60 கிராம் கேரட்டை அரைத்து 12 இட்லிக்கான மாவில் கலந்தால் ஓர் இட்லிக்கு 5 கிராம் வருகிறது. அவள் சாப்பிடுவது இரண்டு இட்லி. ஆக 10 கிராம். இரண்டு முதல் ஐந்து வயதுப் பிள்ளைக்குக் காயும் பழமுமாக நாளொன்றுக்குக் குறைந்தது 250 கிராம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் பரிந்துரைத்திருக்கிறது. கேரட்டைக் கூட்டினால் இட்லி எழும்பாமல் பிசுபிசுக்கிறது, அவளும் கண்டுபிடித்துவிடுகிறாள். அந்த 10 கிராமுக்காக வேகவைத்து, அரைத்து, வடிகட்டி, மிக்சி ஜாரின் பிளேடுக்கு அடியில் ஒட்டியதைச் சுரண்டிக் கழுவி முடிக்க எனக்குத் தினமும் இருபது நிமிடம் கூடுதலாகப் பிடித்தது.

ஆயினும் நான் வழி மாறியதற்குக் காரணம் இந்தக் கணக்கு அல்ல. ஏழாம் மாதத்தில் ஒரு நாள் காலையில், வெள்ளையாக இருப்பதால் தெரியாது என்று நம்பி, முட்டைக்கோஸை வேகவைத்து அரைத்து இட்லி மாவில் கலந்திருந்தேன். தண்டுப் பகுதியின் நார் ஒன்று அரைபடாமல் தங்கிவிட்டது. இரண்டாவது விள்ளலில் அது அவள் பல்லிடுக்கில் மாட்டியது. விரலால் மெல்ல இழுத்தெடுத்து, கண்ணருகே பிடித்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கையிலிருந்த இட்லியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அடுத்த பதினொரு நாட்கள் அவள் இட்லியைத் தொடவில்லை. பன்னிரண்டாம் நாள் எடுத்தபோதும், இரண்டு கட்டைவிரல்களையும் விளிம்பில் ஊன்றி நடுவே பிட்டு, இரண்டு பாதிகளின் உட்புறத்தையும் உற்றுப் பார்த்த பிறகே வாயில் வைத்தாள். அந்தப் பழக்கம் மூன்று மாதம் நீடித்தது. என் மாமியார் சுட்ட வெறும் இட்லியையும் அப்படித்தான் பிட்டுப் பார்த்தாள்.

இரண்டு வழிகளையும் எடைபோடுகிறவர்கள் எல்லாவற்றுக்கும் மேலாக இதைத்தான் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். காய் உண்ண மறுக்கும் பிள்ளை நம்பி உண்ணும் உணவுகள் மிகச் சிலவே. என் மகளுக்கு அப்போது இட்லி, தோசை, தயிர்ச் சோறு, அரிசிம்பருப்புச் சாதம், வாழைப்பழம், பால் என்று ஆறு. காய்ச்சல் வந்தாலும், வெளியூர் போனாலும், பல் முளைத்து ஈறு வலித்தாலும் அந்த ஆறில் ஏதோ ஒன்று அவளைத் தாங்கியது. அவைதாம் எங்கள் கைமுதல். காயை ஒளித்து வைக்க வேறு இடம் கிடையாது என்பதால், அந்தக் கைமுதலிலேயே ஒவ்வொரு நாளும் கை வைத்துக்கொண்டிருந்தேன். நூறு நாள் கண்டுபிடிக்காமல் இருந்து நூற்றோராம் நாள் கண்டுபிடித்தாலும், அவள் விலக்குவது முட்டைக்கோஸை அல்ல, இட்லியை. காயை ஏற்கனவே விலக்கித்தான் வைத்திருந்தாள். ஆகவே அந்தப் பக்கம் எனக்கு வரவேண்டிய லாபமும் வரவில்லை. ஏழு மாதம் கேரட் கலந்த தோசையை உண்டவளின் கையில் ஒரு கேரட் துண்டைக் கொடுத்தபோது, முன்பின் பார்த்திராத பொருளைப் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டாள்.

தெரியும்படி வைக்கும் முறை சமையலில் மிக எளியது. பொரியலுக்கு மிளகாய் சேர்க்கும் முன் இரண்டு துண்டுகளை எடுத்து, மேலும் சிறிது நேரம் வேகவிட்டு, அவள் நம்பும் உணவுக்குப் பக்கத்தில் தட்டோரமாக வைக்க வேண்டும், அவ்வளவுதான். விரலால் நசுக்கினால் நசுங்கும் பதம் முக்கியம். நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பச்சைக் கேரட்டைத் துண்டாகக் கொடுத்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. கடினமெல்லாம் வாயை மூடிக்கொண்டிருப்பதில்தான். முதல் மாதத்தில் என்னால் அது முடியவில்லை. “ஒரே ஒரு வாய், அம்மாவுக்காக” என்று கெஞ்சினேன். கெஞ்சிய நாட்களில் தட்டோரத்துக் காயோடு சோறும் மிஞ்சியது. அதே பல்கலைக்கழகத்தினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், சூப்பைக் குடித்து முடிக்கும்படி வற்புறுத்தப்பட்ட பிள்ளைகள், வற்புறுத்தப்படாதபோது குடித்ததைவிடக் குறைவாகவே குடித்தார்கள், குறையும் அதிகம் சொன்னார்கள் என்று படித்த பிறகுதான் கெஞ்சுவதை நிறுத்தினேன்.

ஒரு காய் பழக 8 முதல் 15 முறை கொடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும் என்பார்கள். சிங்காநல்லூர் உழவர் சந்தையில் அவளே பொறுக்கிப் பையில் போட்ட அவரைக்காயை நான் எண்ணிக்கொண்டே வந்தேன். பதினான்காம் முறை தொட்டாள். பத்தொன்பதாம் முறை நக்கினாள். இருபத்து மூன்றாம் முறை மென்று விழுங்கிவிட்டு இன்னொன்று கேட்டாள். நடுவில் முழுதாக ஆறு வாரங்கள் ஒரு கிராம் அவரைக்காயும் வயிற்றுக்குள் போகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்த வழியின் விலை அதுதான், சிறிய விலையும் அல்ல.

மசிப்பதையே விட்டுவிட வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. மசிப்பது வேறு, மறைப்பது வேறு என்று எனக்குக் காட்டியவர் என் மாமியார். ஒரு மாலை மண்சட்டியை முற்றத்தில் வைத்து, அவளையும் பக்கத்தில் உட்கார்த்தி, வெந்த பருப்பையும் அரசாணிக்காயையும் கடைந்தார். “கண்ணு, அரசாணிக்காய் பாரு, பருப்புல எப்படிக் கரையுது” என்று சொல்லி, மத்தின் பிடியில் அவள் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நான் ஒளித்துக் கொடுத்த அதே காயை, அதே குழைந்த பதத்தில், பெயரைக் கேட்டு, நிறத்தைப் பார்த்து, அன்றிரவே சோற்றில் பிசைந்து சாப்பிட்டாள். கீரைக் கடையல், பீர்க்கங்காய்த் துவையல், கத்தரிக்காய்க் கடையல் என்று நம் வீடுகளில் காயை உருத்தெரியாமல் ஆக்கும் பண்டங்களுக்குக் குறைவே இல்லை. அவற்றின் பெயரிலேயே காய் இருக்கிறது, ஒளிவு எதுவும் இல்லை. அரிசிம்பருப்புச் சாதத்தில் இன்றைக்கும் சுரைக்காய் போடுகிறேன். துருவியதை அள்ளிக் குக்கரில் போடுவது அவள் வேலை.

இவ்வளவும் ஒரே பிள்ளையை வளர்த்ததில் அறிந்தது. உணவின் பதமே ஒவ்வாமல் ஓங்கரிக்கும் பிள்ளைக்கும், எடை இறங்கிக்கொண்டே போகும் பிள்ளைக்கும் காத்திருக்கச் சொல்லும் துணிவு எனக்கில்லை. அவர்கள் முதலில் குழந்தை மருத்துவரைப் பார்க்க வேண்டும், அதுவரை அரைத்துக் கொடுப்பதே சரியாகவும் இருக்கலாம். இரவு எட்டு மணிக்கு வேலையிலிருந்து திரும்பும் பெற்றோருக்கு, பிள்ளை நக்கும் வரை பேசாமல் உட்கார்ந்திருக்கும் பொறுமை எளிதல்ல என்பதையும் அறிவேன். எனக்கு வீட்டில் இன்னொரு பெரியவர் இருந்தார்.

இப்போது அவரைக்காய், கேரட், அரசாணிக்காய், பீர்க்கங்காய் ஆகிய நான்கையும் சாப்பிடுகிறாள். இட்லியைப் பிட்டுப் பார்ப்பதில்லை. வெண்டைக்காயை இந்த மாதம் ஒன்பது முறை வைத்திருக்கிறேன். துண்டைப் பிளந்து, உள்ளிருக்கும் விதைகளை ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, தோலைத் தட்டோரத்தில் வரிசையாக அடுக்கி வைக்கிறாள்.