வேலையை விடுவதா, உள்ளே இருந்து மாற்றுவதா?
2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது. அதே மாதக் கடைசியில் பெரியகுப்பம் பக்கம் அமோனியா கசிந்தது. 'இப்படியொரு இடத்துக்கா உழைக்கிறோம்?' என்று மணலி, எண்ணூர் ஆலை ஊழியர்களுக்குத் தோன்றுவது இயல்பு.

விட்டுவிட்டால் மனம் லேசாகும். ஆனால் வீட்டுக் கடன் நிற்காது. தொடர்ந்து 5 ஆண்டு முடியாவிட்டால் பொதுவாகப் பணிக்கொடையும் இல்லை. அதைவிடப் பெரிய கவலை எனக்கு உண்டு: கழிவுநீர் அளவீட்டைப் படிக்கத் தெரிந்து கேள்வி கேட்பவர் வெளியேறினால், அந்த இடத்துக்குக் கேட்காத ஒருவர் வந்துவிடலாம்.

உள்ளே இருப்பவருக்கு ஒரு பிடிமானம் இருக்கிறது. பங்குச் சந்தையில் பட்டியலிட்டவற்றில் சந்தை மதிப்பில் முதல் 1000 நிறுவனங்கள், 2022-23 நிதியாண்டிலிருந்து தண்ணீர், கழிவு, கார்பன் உமிழ்வு விவரங்களை, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதிப்படி வெளியிட்டாக வேண்டும். அந்த எண்களைத் தொகுப்பது ஊழியர்கள்தான். அங்கே நேர்மையாக நிற்பது சின்ன வேலையல்ல.

அதனால் முதலில் உள்ளே இருந்தபடி எழுத்தில் கேளுங்கள் என்பேன். பொய்யான அளவீட்டில் கையெழுத்துப் போடச் சொன்னால், சரி, அன்றைக்கே ராஜினாமா கொடுத்துவிடுங்கள். அப்புறம் புகார் கொடுக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இருக்கிறது. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வும் சென்னையிலேயே இருக்கிறது.