ஜேபிஎல்லின் அயான் மென்பொருள்: வீட்டில் ஒரு மாதம் ஓட்டிப் பார்த்தது

ஒரு மாதமாக என் மேஜையில் இரண்டு ராஸ்பெர்ரி பை போர்டுகளில் (கையடக்கக் குட்டிக் கணினிகள்) அயான் ஓடிக்கொண்டிருக்கிறது. நாசாவின் ஜேபிஎல் ஆய்வகம் விண்கலங்களுக்காக எழுதிய நெட்வொர்க் மென்பொருள் இது. மென்பொருள் நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

இதற்கு ஏன் தனி மென்பொருள்? இணையத்தில் நாம் தினமும் பயன்படுத்தும் தரவுப் பரிமாற்ற முறையான டிசிபி, தரவை அனுப்பும் முன்பே எதிர்முனையிடம் ஒருமுறை கேட்டுப் பதில் வாங்க வேண்டும். செவ்வாய்க்கு ஒளி போய்ச் சேரவே 3 முதல் 22 நிமிடம் ஆகிறது, பதில் திரும்பி வர அதே அளவு நேரம், அதற்குள் கலம் கோளுக்குப் பின்னால் மறைந்தும் போயிருக்கலாம். அயான் தரவை பண்டில்களாகக் கட்டி, வழி திறக்கும் வரை தன்னிடமே பத்திரமாக வைத்திருந்து, திறந்ததும் அடுத்த முனைக்குத் தள்ளிவிடுகிறது. 2008-இல் சுமார் 3.2 கோடி கி.மீ. தொலைவில் இருந்த டீப் இம்பாக்ட் கலத்தோடு படங்களைப் பரிமாறிக்கொண்டது இதே மென்பொருள்தான். அதை நம் வீட்டு போர்டில் ஓட்டலாம் என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

நிறுவுவது சுலபம், அமைப்பதுதான் வேலை. ஒவ்வொரு முனைக்கும் நாலைந்து கோப்புகளைக் கையால் எழுத வேண்டும். அதில் முக்கியமானது காண்டாக்ட் பிளான், அதாவது எந்த முனை எப்போது எதோடு என்ன வேகத்தில் பேசும் என்பதற்கான பஸ் டைம்டேபிள் மாதிரி ஒன்று. நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கும்போது மக்கர் செய்தால் முதலில் 'கில்எம்' கட்டளையை ஓட்டி, மிச்சம் கிடக்கும் ஷேர்டு மெமரியை (அயானின் பகுதிகள் பகிர்ந்துகொள்ளும் நினைவகம்) துடைத்துவிடுங்கள். அப்புறம், பண்டிலின் ஆயுட்காலத்தை மறக்க வேண்டாம், அது தீர்ந்தால் பண்டில் அழிந்துவிடும்.

ஒரு ராத்திரி 10 மணிக்கு, ஆயுட்காலம் ஒரு நாள் என்று வைத்து, ஒரு படத்தை அனுப்பிவிட்டு லேன் கேபிளைப் பிடுங்கினேன். தொடர்பு காலை 6 மணிக்குத் திறக்கும் என்று எழுதியிருந்தேன். விடிந்ததும் கேபிளைச் செருகிக் காத்திருந்தேன், 6 மணி தாண்டியும் ஒன்றும் வரவில்லை. லாக் கோப்பைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, அயான் எண்ணுவது யுடிசி எனும் உலகப் பொது நேரத்தை, நான் எழுதியது அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே ஓடும் நம் நேரத்தை. சரி, திருத்த வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பதினொன்றரைக்கு போர்டின் பச்சை விளக்கு படபடவென்று துடித்தது, படம் வந்து இறங்கியது, கோப்பு மாறாமல் வந்ததா என்று காட்டும் செக்சம் எண் இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தது!

நெட்வொர்க் படிக்கும் மாணவர்கள் கட்டாயம் ஒருமுறை முயன்று பாருங்கள். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் லினக்ஸ் டெர்மினல் பழக்கமில்லாதவர்கள் அதை முதலில் பழகிக்கொண்டு வருவது நல்லது. நான் மூன்றாவது போர்டு வாங்கப் போகிறேன், நடுவில் வாங்கி அனுப்பும் ரிலேவாக வைக்க.