உப்புத் தண்ணீருக்கு எந்த ஹீட்டர்?

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக் குளியலறையில் ஏழு ஆண்டுகள் உழைத்த 25 லிட்டர் ஹீட்டர், சென்ற மார்கழியில் அடிப்பக்கம் கசியத் தொடங்கியது. கழற்ற வந்த பிளம்பர் காயிலை வெளியே இழுத்தபோது, அதன்மேல் விரல் தடிமனுக்குச் சுண்ணாம்பு படிந்திருந்தது. ஸ்க்ரூடிரைவரால் ஒரு தட்டுத் தட்டியதும் அது ஓடு ஓடாகப் பெயர்ந்து வாளிக்குள் விழுந்தது. தொட்டி துருப்பிடிக்காமல் இருக்கத் தன்னைக் கரைத்துக்கொள்ளும் மெக்னீசியம் கம்பி முழுவதும் கரைந்துபோய், நடுவில் இருந்த இரும்பு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. “டேங்கே ஓட்டையா கீது சார், இதுக்கு மேல செலவு பண்ணாதீங்க” என்றார் அவர்.

புதிது வாங்கக் கடைக்குப் போனால் லிட்டரையும் மின்சிக்கன நட்சத்திரத்தையும்தான் பேசுகிறார்கள். வேலூரில் முதலில் பேசவேண்டியது தண்ணீரை. ஊர்ச் சொலவடையில் ‘நீரில்லாத ஆறு’ என்று இடம்பெற்றுவிட்ட பாலாற்றின் கரையில், பெரும்பாலான வீடுகள் நம்பியிருப்பது போர் தண்ணீரையே. அதில் கரைந்திருக்கும் பைகார்பனேட் உப்புகள் சூடேறும்போது சுண்ணாம்பாகப் பிரிந்து காயிலில் படிகின்றன. 60 டிகிரியைத் தாண்டினால் படிவதும் வேகமெடுக்கிறது. சுண்ணாம்பு வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பதால், தண்ணீர் தாமதமாகச் சூடாகிறது, காயில் அளவுக்கு மீறிச் சூடாகி ஒருநாள் எரிந்துபோகிறது. எந்த வகையை வாங்கினாலும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது.

முதலில் தொட்டியில் தேக்கிச் சூடாக்கும் ஸ்டோரேஜ் வகையையும், தண்ணீர் ஓடும்போதே சூடாக்கும் இன்ஸ்டன்ட் வகையையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். 20 லிட்டர் வாளியில் 40 டிகிரி வெந்நீர் வேண்டுமென்றால், ஹீட்டரிலிருந்து 60 டிகிரியில் ஏறக்குறைய ஒன்பது லிட்டர் பிடித்து, மீதியைப் பச்சைத் தண்ணீரால் விளாவினால் போதும். ஆகவே 25 லிட்டர் தொட்டி மூன்று வாளிக்குச் சற்றுக் குறைவாகவும், 15 லிட்டர் தொட்டி ஒன்றரை வாளிக்குச் சற்று அதிகமாகவும் தரும். 25 லிட்டரை ஒருமுறை சூடாக்க ஒரு யூனிட் மின்சாரம் ஆகிறது. தினமும் இருமுறை போட்டால், இரண்டு மாத மின்கணக்கில் 120 யூனிட் ஏறிவிடும். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும் என்பதால், கோடையில் ஏசிக்காக யூனிட் கணக்குப் பார்க்கும் வீடுகள் குளிர்காலத்தில் மட்டும் இதைப் பொருட்படுத்தாமல் இருப்பது சரியன்று.

3,000 வாட் இன்ஸ்டன்ட் ஹீட்டர், நிமிடத்துக்கு மூன்று லிட்டர் வேகத்தில் தண்ணீரை ஏறத்தாழ 14 டிகிரி மட்டுமே உயர்த்தும். ஊட்டியில் இது வெதுவெதுப்புக்கே போதாது. மொட்டைமாடித் தொட்டியின் தண்ணீர் 24 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காத வீட்டில் குளிக்கும் பதத்துக்குக் கிட்டத்தட்டப் போதும். ஆனால் ஒரு வாளி நிறைய ஏழு நிமிடம் ஆகும், பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் அந்த ஏழு நிமிடம் பெரிது. அது 13 ஆம்பியர் இழுக்கும். பழைய வயரிங் உள்ள வீட்டில் தனி லைனும் நல்ல எர்த்தும் இல்லாமல் மாட்டக் கூடாது. விலை குறைவு, காயில் மாற்றுவதும் எளிது என்பதால் வாடகை வீட்டுக்கு நான் இதையே சொல்வேன்.

நட்சத்திரக் குறியைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்டோரேஜ் ஹீட்டரில் அது குறிப்பது, சூடான தண்ணீர் சும்மா நிற்கும்போது இழக்கும் வெப்பத்தை. நாள் முழுக்க சுவிட்சைப் போட்டு வைக்கும் வீட்டுக்கு அது காசு. அரைமணி போட்டு, குளித்து, அணைத்துவிடும் எங்களைப் போன்றவர்களுக்கு மூன்றுக்கும் ஐந்துக்கும் பெரிய வேறுபாடு தெரியாது.

கேஸ் கீசரை நான் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டேன். அடைத்த குளியலறையில் அது வெளியிடும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமான சுவரில் மட்டுமே மாட்டலாம். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தரும் பயனுள்ள வெப்பம் சுமார் 150 யூனிட் மின்சாரத்துக்கு ஈடு. சிலிண்டர் விலையை 150-ஆல் வகுத்து, ஒரு யூனிட் மின்கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இலாபம் எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.

சோலார்தான் மனத்தை இழுத்தது. வெயிலூர் என்று கேலி பேசப்படும் ஊரில் வெயிலுக்கா பஞ்சம்? ஆனால் சித்திரையில் குழாயைத் திறந்தாலே கை சுடுகிறது, அப்போது யாருக்கும் வெந்நீர் வேண்டாம். வேண்டியிருக்கும் ஐப்பசி கார்த்திகையில் வானம் மூடிக்கிடக்கிறது. கண்ணாடிக் குழாய் வகையில் போர் தண்ணீரை நேரடியாக விட்டால் குழாய்க்குள்ளேயே உப்பு படியும். அதற்கு, போர் தண்ணீரை உள்ளே ஓடவிடாமல் வெப்பத்தை மட்டும் அதற்குக் கடத்தும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் உள்ள தட்டு வகை வேண்டும், விலையும் கூடும். மாடியிலிருந்து 15 மீட்டர் முக்கால் அங்குலக் குழாய் என்றால், வெந்நீர் வருமுன் நான்கைந்து லிட்டர் பச்சைத் தண்ணீர் வழிந்தோட வேண்டும். பத்துப் பேர் உள்ள கூட்டுக் குடும்பத்துக்கு இவையெல்லாம் பொருட்டில்லை. நாங்கள் நான்கு பேர்.

கடைசியில் கண்ணாடிப் பூச்சுத் தொட்டியுள்ள 15 லிட்டர் ஹீட்டரையே வாங்கினோம். 25-க்கும் 15-க்கும் இடையே மிஞ்சிய பணத்தில் செய்த வேலைதான் முக்கியம்: சமையலறைக்காக மாநகராட்சிக் குழாயின் காவிரித் தண்ணீரை ஏற்றிவைக்கும் சிறு தொட்டியிலிருந்து ஹீட்டருக்கு மட்டும் தனிக் குழாய் இழுத்தோம். வாளிக்கு ஒன்பது பத்து லிட்டர் என்றால், நால்வருக்கும் நாளுக்குச் சுமார் 40 லிட்டர் நல்ல தண்ணீர் போதும். விளாவுவதற்கு வழக்கம்போல் போர் தண்ணீர். வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் கலந்து வரும் மிக்சர் குழாய் வைத்திருப்பவர்கள் இப்படிச் செய்தால், போர் தண்ணீர் குடிநீர்த் தொட்டிக்கு ஏறிவிடாதபடி நான்-ரிட்டர்ன் வால்வு போடவேண்டும். எங்களுக்கு இரண்டும் தனித்தனிக் குழாய் என்பதால் அந்தத் தொல்லை இல்லை.

தெர்மோஸ்டாட்டை 55 டிகிரியில் நிறுத்திய பிளம்பர், மெக்னீசியம் கம்பியை அடுத்து எப்போது திறந்து பார்ப்பது என்று நான் கேட்டதற்கு, சட்டைப்பையிலிருந்து மார்க்கரை எடுத்து ஹீட்டரின் அடிப்பக்கத்திலேயே ‘ஐப்பசி’ என்று எழுதிவிட்டுப் போனார்.