தொலைவில் பச்சைக்காலி, காலடியில் பொடுதலை: நிக்கான் கூல்பிக்ஸ் பி950 மதிப்புரை

குளிர்காலத்தில் சதுப்புநிலத்துக்குப் போகிறவருக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலைகள் காத்திருக்கின்றன. வலசை வந்த பறவைகள் நாம் நெருங்க முடியாத தொலைவில், சேற்றுத் திட்டுகளின் நடுவே இரை தேடிக்கொண்டிருக்கும். அவற்றைப் பார்க்க நாம் நிற்கும் கரையிலோ, விரல் நகத்தைவிடச் சிறிய பூக்களைத் தாங்கிய செடிகள் காலடியில் படர்ந்து கிடக்கும். இரண்டையும் ஒரே கருவியால் பதிவு செய்ய வேண்டும் என்ற தேவைதான் என்னை நிக்கான் கூல்பிக்ஸ் பி950 பக்கம் கொண்டுவந்து சேர்த்தது. 2020 தொடக்கத்தில் அறிமுகமான இந்தக் கேமராவை இரண்டு வலசைப் பருவங்கள் முழுக்கப் பயன்படுத்திய பிறகே இதை எழுதுகிறேன்.

கழற்றி மாற்ற முடியாத இதன் லென்ஸ் 83 மடங்கு ஜூம் கொண்டது. ஒளியைப் படமாக்கும் சென்சார் பழைய 35 மி.மீ. ஃபிலிம் சட்டகத்தின் அளவில் இருக்கும் முழுச்சட்டகக் கேமராவின் கணக்கில் சொன்னால் 24 மி.மீ. முதல் 2000 மி.மீ. வரை செல்லும்; எண் கூடக் கூட நெருக்கமும் கூடும். பேட்டரியோடு சேர்த்து எடை ஏறத்தாழ ஒரு கிலோ. பெரிய சென்சார் கொண்ட கேமராவில் இந்த அளவு நெருக்கத்தைப் பெற வேண்டுமானால், பல கிலோ எடையுள்ள லென்ஸையும் அதைத் தாங்கும் முக்காலியையும் சேற்று வரப்பில் சுமந்து நடக்க வேண்டியிருக்கும்.

இந்த நெருக்கம் எதற்குப் பயன்படுகிறது என்பதை ஒரு காலைப்பொழுது எனக்குக் காட்டியது. முழங்கால் ஆழ நீரில் ஒரு பறவை நின்றது. பச்சைக்காலியா, சிறு பச்சைக்காலியா என்று இருநோக்கியில் (பைனாகுலரில்) முடிவு செய்ய இயலவில்லை. கால்களில் சேறு காய்ந்து ஒட்டியிருந்ததால் நிறத்தையும் நம்ப முடியவில்லை. படத்தை எடுத்து, திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது அலகு தெளிவாகத் தெரிந்தது. ஊசிபோல மெலிந்து நேராக இருந்திருந்தால் அது சிறு பச்சைக்காலி. இதன் அலகு அடியில் தடித்து, நுனியை நோக்கி மெல்ல மேல்நோக்கி வளைந்திருந்தது. பச்சைக்காலி என்று ஐயமின்றிக் குறித்துக்கொண்டேன். ஆய்வாளர்களால் அடையாளத்துக்காகக் காலில் வளையமோ எழுத்துப் பொறித்த நிறப்பட்டையோ மாட்டப்பட்ட பறவை தென்பட்டால், அந்த எழுத்துகளைத் தொலைவிலிருந்தே படித்துவிட வாய்ப்பிருப்பது இன்னொரு பெரும் நன்மை. பறவை எங்கே வளையமிடப்பட்டது, எந்த வழியாக வந்தது என்பதையெல்லாம் அறிவதற்கு அந்தச் சில எழுத்துகளே திறவுகோல். அதைவிட முக்கியமாக, நாம் கிட்டே போக வேண்டியதில்லை. திரும்பிச் செல்லும் நெடும்பயணத்துக்காகக் கொழுப்பைச் சேமித்துக்கொண்டிருக்கும் பறவையை ஒவ்வொரு முறை பறக்கவிடும்போதும், அது தின்று சேர்த்த ஆற்றலில் ஒரு பங்கை நாம் பறித்துவிடுகிறோம்.

2000 மி.மீ. நெருக்கத்தில் பறவையைச் சட்டகத்துக்குள் பிடிப்பதே பழக்கப்பட வேண்டிய ஒரு வித்தை. லென்ஸின் பக்கவாட்டில் உள்ள ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் காட்சி தற்காலிகமாக விரிந்து, விட்டவுடன் பழைய நெருக்கத்துக்கே திரும்புகிறது. கோரைகளுக்கிடையே நழுவிய பறவையை மீட்டெடுக்க இதைவிட உதவும் வசதி வேறில்லை. ஃபோகஸ் புள்ளியை மிகச் சிறியதாக வைத்துக்கொள்வது நல்லது. இல்லையெனில் கேமரா முன்னால் நிற்கும் சம்புத்தாளைப் பிடித்துக்கொண்டு, பின்னால் நிற்கும் பறவையைக் கலங்கலாக்கிவிடும்.

இதன் சென்சார் சிறியது. முழு ஜூமில் ஒளியை உள்ளே விடும் லென்ஸின் திறப்பும் எஃப்/6.5க்குச் சுருங்குகிறது (இந்த எண் கூடினால் உள்ளே வரும் ஒளி குறையும்). ஆகவே விடியலுக்கு முந்தைய மங்கலிலும் மேகமூட்டத்திலும், ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ உயரும்போது இறகின் நுண்வரிகள் கரைந்துவிடுகின்றன. பறந்து செல்லும் பறவைகளைத் தொடர்ந்து படமெடுப்பதே நோக்கமென்றால் இது ஏற்ற கருவி அன்று. வெயில் ஏறிய பிறகு சேற்றின் மேல் காற்று நெளியத் தொடங்கினால், கேமரா எதுவாக இருந்தாலும் தொலைவுப் படம் தெளியாது. அந்தக் குறையை இதன்மேல் ஏற்றுவது முறையாகாது. சூரியன் எழுந்த முதல் இரண்டு மணி நேரமே தொலைவுப் படங்களுக்கு உரியது என்று நான் வரையறுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு நான் செடிகளிடம் திரும்பிவிடுவேன். மேக்ரோ முறையில் ஏறத்தாழ 1 செ.மீ. வரை நெருங்கலாம். தலையைக் குனிந்தாலும் பொடுதலையின் பூங்கொத்து ஒரு தீக்குச்சித் தலையாகத்தான் தெரியும். படத்திலோ, கருஞ்சிவப்பு மையத்தைச் சுற்றி வெள்ளைப் பூக்கள் ஒரு வளையமாக விரிந்திருப்பதும், ஒவ்வொரு பூவின் தொண்டையிலும் மஞ்சள் தீற்றல் இருப்பதும் துலங்குகின்றன. கோரைகளை அடையாளம் காண்பதற்குப் பூங்கதிரோடு முக்கோணத் தண்டையும் அடிப்பகுதியையும் தனித்தனியே எடுத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவு கிட்டத்தில் லென்ஸின் நிழலே செடியின்மேல் விழுந்துவிடுவதால், வெயிலுக்குப் பக்கவாட்டில் இருந்து எடுக்கப் பழகிக்கொண்டேன். திரை எல்லாப் பக்கமும் திரும்புவதால், ஈரத்தரையில் படுக்காமலே தாழ்வான செடியை அதன் மட்டத்திலேயே பார்க்க முடிகிறது.

ஒரு பேட்டரியில் சுமார் 290 படங்கள் என்பது நிறுவனத்தின் கணக்கு. உபரியாக இன்னொன்று பையில் இருக்கட்டும். சுவரில் மாட்டும் பெரிய படம் வேண்டுபவர் வேறு கேமராவைப் பார்க்கலாம். பார்த்ததைப் பிழையின்றிக் குறித்துவைக்க விரும்புபவருக்கு நான் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் கையில் இன்னும் நல்ல இருநோக்கி இல்லையென்றால், முதலில் அதை வாங்குங்கள்.