ஒஷிபோரி: துணியா, பாக்கெட்ல வர்ற பேப்பரா?

ஜப்பான்ல சின்ன சாப்பாட்டுக் கடைல போய் உக்காந்தாக்கூட பெரும்பாலும் ஆர்டர் சொல்றதுக்கு முன்னாடியே கைல ஒரு ஈரத்துணி வந்துரும், அதுதான் ஒஷிபோரி. ஷிபோருன்னா பிழியறது, அப்போ பிழிஞ்ச துணின்னு வச்சுக்கோங்க. இப்ப நிறைய கடைல துணிக்கு பதிலா பாக்கெட்ல அடைச்ச ஈரப் பேப்பர் தர்றாங்க. ரெண்டும் கைதான துடைக்குதுன்னு சிலர் சொல்றாங்க, எனக்கு அப்படித் தோணல.

முதல்ல சூடு. ஒரு ஜனவரில கியோட்டோல சோபாங்கற நூடுல்ஸ் விக்கற கடைக்குப் போனேன், வெரலெல்லாம் மரத்துப் போச்சு, கடைக்கார அம்மா ஆவி பறக்குற துணிய சுருட்டினபடியே நீட்டுனாங்க, உள்ளங்கைல வச்சு ஒரு நிமிஷம் அப்படியே உக்காந்திருந்தேன், அதுக்கப்புறம்தான் மெனுவே கண்ணுக்குத் தெரிஞ்சுது. கோடைல அதே துணி சில்லுனு வரும். பேப்பர் பெரும்பாலும் எந்த சீசன்லயும் ஒரே மாதிரிதான். சில நூறு வருஷத்துக்கு முன்னாடி, எடோ காலத்துல, ஹதாகோங்கற சத்திரங்கள்ல, நடந்து களைச்சு வர்றவங்களுக்கு தண்ணியும் துணியும் வைப்பாங்களாம், நனைச்சுப் பிழிஞ்சு கை கால் துடைச்சுக்குவாங்க. அந்த ஆறுதல் துணிலதான் இன்னும் இருக்கு.

சுத்தம்னு பாத்தா பேப்பருக்கு ஒரு பலம் உண்டு, அது நமக்கு முன்னாடி யார் கையும் படாதது. ஆனா துணியும் சும்மா அலசிக் குடுக்கறது இல்ல. வாடகைக்கு விடுறதுக்குன்னே கம்பெனிங்க இருக்கு, அழுக்குத் துணிய எடுத்துட்டுப் போய், துவைச்சு, கிருமி நீக்கி, சுருட்டி, உறை போட்டுக் கொண்டு வந்து குடுப்பாங்க, இதுக்கு சுகாதார அமைச்சகம் 1982லயே வழிகாட்டு விதி போட்டிருக்கு. நைஞ்சு போன துணியக்கூட மெஷின்களைத் துடைக்கறதுக்கு அனுப்பிருவாங்க.

குப்பைன்னு பாத்தா துணிக்கும் பிளாஸ்டிக் உறை இருக்கு, துவைக்கத் தண்ணி வேற, அதனால இதுல துணிதான் ஜெயிக்குதுன்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன்.

ரயில்ல பென்தோங்கற டப்பா சாப்பாடு சாப்பிடுறப்போ பேப்பர் போதும், நல்ல வசதி. உக்காந்து யாகிடோரி (குச்சில குத்திச் சுட்ட கோழி), எடமாமே (வேக வச்ச பச்சை சோயா பீன்ஸ்)ன்னு கையால சாப்பிடுறப்போ துணிதான் வேணும், பேப்பர் சீக்கிரம் காஞ்சு சுருண்டுரும். ஒண்ணு மட்டும், துணி நல்லா இருக்கேன்னு மூஞ்சி கழுத்தெல்லாம் துடைச்சுராதீங்க, கைக்கு மட்டும்தான்.

அந்த சோபா கடைல பாதி சாப்பாட்டுல என் துணி ஆறிப்போனத நான் கவனிக்கல, அந்த அம்மா கவனிச்சு, கேக்காமலே இன்னொண்ணு சூடா வச்சுட்டுப் போனாங்க.