எட்டு மணி நேரம் என்று அச்சடித்த ஐந்து மணி நேரம்

கூட வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் போன வாரம் மதியச் சாப்பாட்டு வேளையில் போனை என் டிபன் பாக்ஸுக்கு மேலாக நீட்டினார். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் நான்கு இரவுக் கப்பல். விலையைக் குறைத்திருக்கிறார்களாம், இன்னும் மூன்று நாள்தானாம். "சார், நீங்க மூணு தடவை போனவரு. பினாங்குல எட்டு மணி நேரம் நிக்குதாம். ஊரைப் பாத்துடலாம்ல?"

அறை எப்படி, சாப்பாடு எப்படி, நீச்சல்குளம் எத்தனை என்பதெல்லாம் அவருக்கு யூடியூப்பே சொல்லிவிட்டது. அதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. அந்த எட்டு மணி நேரத்தைப் பற்றி மட்டும் எனக்கு எட்டு வருஷக் கோபம் இருக்கிறது. சாப்பாட்டு மேஜையில் சொல்லி முடிக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

காலை 10 மணி முதல் மாலை 6 மணி வரை என்று போட்டிருப்பார்கள். 10 என்பது கப்பல் துறையில் கட்டப்படும் நேரம். அதிகாரிகள் ஏறி, காகிதம் பார்த்து, படிக்கட்டைத் திறக்க 10.40 ஆகும். இரண்டாயிரம், மூவாயிரம் பேர் ஒரே சமயத்தில் அதே படிக்கட்டுக்கு வருவார்கள். கீழே இறங்கினால் குடிநுழைவு வரிசை. அதைத் தாண்டி வெளிவாசலைத் தொடும்போது 11.30. இது வந்த கணக்கு. போகிற கணக்கு இன்னும் மோசம். 6 மணி என்பது கப்பல் கிளம்பும் நேரம், நாம் ஏறவேண்டியது 5 மணிக்குள். அந்த 5 மணிக்கும் பை ஸ்கேன் வரிசை இருக்கிறது, ஆகவே 4.30-க்கு வாசலில் நிற்க வேண்டும். 11.30 முதல் 4.30. எட்டு ஐந்தாகிவிட்டது. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. கப்பல் எட்டு மணி நேரம் நிற்கத்தான் செய்கிறது. நாம்தான் ஊரில் நிற்பதில்லை.

முதல் தடவை, 2017-ல், இதெல்லாம் தெரியாமல் கப்பலிலேயே விற்கும் சுற்றுலாவை வாங்கினேன். நாற்பது பேர் பஸ். இரண்டு பேர் வரவில்லை என்று அரை மணி நேரம் நின்றது. பினாங்கின் ஆயர் ஈத்தாமில் மலைச்சரிவில் இருக்கும் கேக் லோக் சி புத்தர் கோவிலுக்குக் கூட்டிப்போனார்கள். மேலே முப்பது மீட்டருக்கு மேல் உயரமான வெண்கலச் சிலை, கருணைத் தெய்வமான குவான் யின் சிலை, இருக்கிறது. அதை நாங்கள் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தோம். கோவிலுக்கு இருபது நிமிஷம், அதற்கப்புறம் ஒரு சாக்லேட் கடைக்கு நாற்பத்தைந்து நிமிஷம். கோவிலைவிட சாக்லேட் கடைக்கு எதற்கு அதிக நேரம் என்று கேட்டேன். "அங்க டாய்லெட் நல்லா இருக்கும் சார்" என்றார் வழிகாட்டி. அது உண்மை, நன்றாகத்தான் இருந்தது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கப்பலில் வாங்கிய பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நாமாகப் போய்த் தாமதமானால் காத்திருக்காது. துறையை விட்டு வெளியே எடுக்கும் பைலட் குறித்த நேரத்துக்கு வந்துவிடுவார், அந்த இடத்துக்கு அடுத்த கப்பல் வரும். எனக்காகவும் உங்களுக்காகவும் யார் நிறுத்துவார்கள்? ஆகவே ஊர் தூரமாக இருந்தால் பஸ்ஸை வாங்கிக்கொள்ளலாம். போர்ட் கிளாங்கில் இறங்கி கோலாலம்பூர் போவதென்றால், போக ஒரு மணி நேரத்துக்கு மேல், வர ஒரு மணி நேரத்துக்கு மேல். அங்கே நான் சொந்த வீரத்தைக் காட்டமாட்டேன். பினாங்கில் ஸ்வெட்டன்ஹாம் துறை வாசலிலேயே ஊர் தொடங்கிவிடுகிறது. அங்கே எதற்குப் பஸ்?

இரண்டாவது தடவை, 2019-ல், புக்கெட்டில் நடந்ததை என் மனைவி இன்றைக்கும் எல்லாக் கல்யாண வீட்டிலும் சொல்கிறாள். அங்கே எங்கள் கப்பல் கரைக்கு வரவில்லை. பத்தோங் விரிகுடாவில் நங்கூரம் போட்டு நின்றது. டெண்டர் என்று சொல்லும் சின்னப் படகில் ஏற்றிக் கரையில் விடுவார்கள். அதற்கு டோக்கன், டோக்கனுக்கு ஒரு வரிசை, சுற்றுலா வாங்கியவர்களுக்கு முதல் மரியாதை. மே முதல் அக்டோபர் வரை கடல் கொந்தளித்தால் டெண்டரையே நிறுத்திவிடுவார்கள், கரையைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். எங்களுக்குக் கடல் சாதுவாக இருந்தது. பிரச்சினை கடிகாரத்தில் வந்தது.

தாய்லாந்து சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். எங்கள் கப்பல் தன் கடிகாரத்தை மாற்றவில்லை, சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடியது. ரோமிங் போட்டிருந்த என் போன் கரை நெருங்கியதும் தாய்லாந்து டவரைப் பிடித்து, யாரையும் கேட்காமல் ஒரு மணி நேரம் பின்னால் போய்விட்டது. கடைசி டெண்டர் 3.30-க்கு. போனில் 2.20. நான் நிதானமாக ஒரு கடையில் உலர்ந்த மாம்பழத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். "ஏங்க, நம்ம கப்பல் ஆளுங்க ஒருத்தரையும் காணோமே" என்றாள் மனைவி. சுற்றிப் பார்த்தேன். காலையிலிருந்து எங்கே திரும்பினாலும் கண்ணில் பட்ட, கழுத்தில் நீலப் பட்டையில் அட்டை தொங்கவிட்ட கூட்டத்தில் ஒருவர்கூட இல்லை. அப்போதுதான் உறைத்தது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மணலில் ஓடினேன். ஒரு செருப்பு பத்தோங்கிலேயே இருக்கிறது. கடைசிப் படகின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த ஊழியர் எங்களைப் பார்த்துச் சிரித்து, ஐஸ் பெட்டியிலிருந்து ஆளுக்கொரு ஈரத்துண்டை எடுத்துக் கொடுத்தார். அந்தத் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அறைக்கு வந்து, கப்பலில் தினமும் தரும் நிகழ்ச்சித் தாளில் அன்றையதை எடுத்துப் பார்த்தால், கீழே எறும்பு எழுத்தில் "எல்லா நேரங்களும் கப்பல் நேரம்" என்று போட்டிருக்கிறது. காலையில் ஒலிபெருக்கியிலும் சொன்னார்களாம், நான் குளித்துக்கொண்டிருந்தேன். சரி, சொன்னார்கள். ஆனால் நாலு பக்கத் தாளில் நகைக்கடைத் தள்ளுபடியை விரற்கடை உயர எழுத்தில் போடுகிறவர்களுக்கு, மனிதனைக் கரையில் விட்டுவிடக்கூடிய அந்த ஒரே வரியைப் பெரிதாகப் போட என்ன கஷ்டம்? ஒரே கப்பலுக்குள் ஆயிரம் ஊழியர்களின் வேலை நேரம், சமையல், படகு எல்லாம் ஒரு கடிகாரத்தில் ஓடவேண்டும், ஒரு நாள் துறைக்காக அதை மாற்றினால் குழப்பம் என்கிறார்கள். அந்த நியாயம் எனக்குப் புரிகிறது. செருப்பு போனது போனதுதான்.

மூன்றாவது தடவை, இந்த வருஷம், அம்மாவை அழைத்துக்கொண்டு போனபோது அப்பாவின் எச்.எம்.டி. ஜனதா வாட்சைக் கட்டிக்கொண்டேன். அப்பா பெல் (BHEL) தொழிற்சாலையில் வேலை பார்த்த காலம் முழுக்க அவர் கையில் இருந்தது. சாவி கொடுத்து ஓடும் வாட்ச். அதற்கு டவர் தெரியாது, தாய்லாந்து தெரியாது. ஏறிய அன்றைக்குக் கப்பல் நேரத்துக்கு வைத்தேன், இறங்கும்வரை அப்படியே இருந்தது. கப்பல் பயணத்துக்கென்று எத்தனையோ வாங்கியிருக்கிறேன், தண்ணீர் புகாத பை, வாந்தி மாத்திரை, காந்தக் கொக்கி. ஒன்றுகூட இந்த வாட்சுக்கு ஈடில்லை.

பினாங்கில் மனைவியும் மகளும் இறங்கமாட்டோம் என்றுவிட்டார்கள். ஊரே இறங்கிப்போன கப்பலில் நீச்சல்குளம் அவர்களுக்கு மட்டும். அது ஒரு தனிச் சுகமாம். நானும் அம்மாவும் நடந்தோம். அம்மாவுக்கு அறுபத்தெட்டு, முழங்கால் வலி. வாசலில் டாக்சிக்காரர்கள் மலைக்குப் போகலாம் என்று கூப்பிட்டார்கள். பினாங்கு மலை ரயில் அருமையானதுதான், ஆனால் கூட்ட நாளில் அந்த வரிசை பாதி நாளைத் தின்றுவிடும். தலையாட்டிவிட்டு வந்தோம். வெளியே வந்ததும் எதிரிலேயே வெள்ளை மணிக்கூண்டு. விக்டோரியா ராணி பட்டத்துக்கு வந்து அறுபது வருஷம் என்று, வருஷத்துக்கு ஒரு அடி வீதம் அறுபது அடி. 1897-ல் திட்டமிட்டு, கட்டி முடித்தது 1902-ல். ராணி அதற்கு முந்தின வருஷமே போய்விட்டார். அம்மாவிடம் சொன்னேன். "அவங்களுக்கும் நேரம் பத்தலையா?" என்றார்.

முதலில் மாரியம்மன் கோவில் என்று நான் முடிவு செய்ததற்கு பக்தி காரணமில்லை, நடை சாத்திவிடுவார்கள் என்ற பயம். குவீன் தெருவில் 1833-ல் எழுந்த கோவில், பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோவில். நாங்கள் நுழைந்தபோது திரை போடக் கை வைத்துவிட்டார்கள். அம்மா வாசலிலிருந்தே "ஐயரே, ஒரு நிமிஷம்" என்று குரல் கொடுத்தார். திரை நின்றது. கற்பூரம் காட்டினார்கள். ஐந்து மணி நேரத்தில் அந்த ஒரு நிமிஷத்தை மட்டும் நான் கடிகாரத்தில் பார்க்கவில்லை.

அங்கிருந்து மார்க்கெட் தெரு. நம்மவர்கள் வாயில் அது கடைத்தெரு. ஸ்பீக்கரில் பாட்டு, சரம் சரமாக மல்லிகை, எவர்சில்வர் பாத்திரக் கடை. அம்மா இரண்டு முழம் பூவுக்குப் பேரம் பேசியதைப் பார்த்தால் திருச்சி பெரிய கடை வீதியில் நிற்கிறோமோ என்று தோன்றும். பூக்காரம்மா எந்த ஊர் என்று கேட்டார். திருச்சி என்றதும், தன் பாட்டி நாகப்பட்டினத்துப் பக்கம் என்றார். அம்மா உடனே தன் பெரிய தாத்தாவை எடுத்துவிட்டார். அவரும் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி இங்கே வந்தவர்தான். இரண்டு வருஷத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய், பதினான்கு வருஷம் கழித்துத் திரும்பினாராம். இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். நான் வாட்சைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கிளம்பும்போது பூக்காரம்மா, "அஞ்சடியிலயே போங்கம்மா, வெயில் படாது" என்றார். கடைகளுக்கு முன்னால் கூரையோடு ஓடும் நடைபாதைக்கு அங்கே அஞ்சடி என்று பெயர். ஐந்தடி அகலப் பாதை. எனக்குத் தெரிந்து பினாங்குக்கு இதைவிட உபயோகமான யோசனையை யாரும் சொன்னதில்லை. மத்தியான வெயிலில் அம்மாவின் முழங்காலோடு இரண்டு மணி நேரம் அந்த நிழலிலேயே சுற்றினோம்.

அஞ்சடியிலேயே போய் இலைச் சாப்பாடு. அப்புறம் சூலியா தெரு மூலையில் நாகூர் ஆண்டவர் பெயரில் இருக்கும் சின்னத் தர்கா. அம்மா அதன் முன்னால் நின்று, "நாகூர் இங்க எப்படிடா வந்துச்சு?" என்று கேட்டுவிட்டு, அவரே, "கப்பல்லதான் வந்திருக்கும்" என்றார். பக்கத்தில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். அதைச் சாலையிலிருந்தே பார்த்துக்கொண்டோம். கடலுக்குள் மரக்கால்களில் நிற்கும் சியூ ஜெட்டி வீடுகளுக்கு நடந்தே போய்விடலாம், ஆனால் வாட்ச் 3.40 காட்டியது. அம்மா ஒரு கடைப் படியில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போலாமே" என்றார். முடியாது என்றேன். அவர் எழுந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

4.25-க்கு வாசலில் இருந்தோம். 6 மணிக்கு மேல்தளத்தில் நின்று பார்த்தால் மணிக்கூண்டும் கார்ன்வாலிஸ் கோட்டையும் தெரிகின்றன. இனிமேல்தான் ஊர் குளிர்ந்து, சாப்பாட்டுக் கடைகள் திறந்து, மனிதர்கள் வெளியே வரும் நேரம். சரியாக அப்போது நம்மைக் கட்டி இழுத்துக்கொண்டு போகிறார்கள். மூன்று தடவையும் இதே எரிச்சல்தான்.

நண்பருக்கு நான் சொன்ன பதில்: வேண்டாம். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு விமானம் இருக்கிறது, அங்கிருந்து பினாங்கு பக்கம்தான். மூன்று நாள் தங்குங்கள், ராத்திரி சாப்பிடுங்கள், மலைக்கு விடிகாலையில் போங்கள். "அப்ப கப்பல் அவ்வளவுதானா சார்?" என்றார். அவ்வளவுதான் என்றேன். நான் சொல்வதைக் கேட்காமல் டிக்கெட் எடுப்பதென்றால் சிங்கப்பூர் விசா பலமுறை நுழையும் விசாதானா என்று பாருங்கள், கப்பல் போய்த் திரும்புவதும் ஒரு நுழைவுதான். தினமும் தரும் தாளைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், கப்பலைத் தவறவிட்டால் கூப்பிட வேண்டிய துறைமுக ஏஜென்ட் நம்பர் அதில்தான் இருக்கும். கையில் ஒரு மக்கு வாட்ச் கட்டிக்கொள்ளுங்கள்.

அன்று சாயங்காலம் வாட்ச் ரிப்பேர் கடைக்குப் போனேன். பயணத்தில் வார் அறுந்திருந்தது. பாய் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு திறந்து பார்த்தார். "ஒரு நாளைக்கு ரெண்டு நிமிஷம் வேகமா ஓடுது. சரி பண்ணிடட்டுமா?"

"வேண்டாம் பாய், வாரை மட்டும் மாத்துங்க" என்றேன்.