வில் துறப்பணமா, பிரேஸா, கை ட்ரில்லா?

கரண்ட் ட்ரில் பேச்சை இங்கே எடுக்கவில்லை. கையால் மரத்தில் ஓட்டை போட மூன்று சாமான்கள் இருக்கின்றன: வில்லில் கட்டிய கயிற்றால் சுழற்றும் வில் துறப்பணம், வளைந்த கைப்பிடியைப் பிடித்துச் சுற்றும் பிரேஸ், பல்சக்கரம் வைத்த கை ட்ரில். மூன்றிலும் வேலை செய்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்: எது உசத்தி என்று கேட்பதற்கு முன்னால், தரையில் உட்கார்ந்து வேலை செய்வீர்களா, மேசை போட்டு நின்று செய்வீர்களா என்று பாருங்கள். பாதி முடிவு அங்கேயே ஆகிவிடும்.

பெருந்துறைப் பக்கம் அப்புச்சி வீட்டுக்குக் கதவு நிலவு மாற்ற வந்த ஆசாரி வைத்திருந்தது வில் துறப்பணம். திண்ணையில் உட்கார்ந்து, இரண்டு காலாலும் வேப்பஞ்சட்டத்தை அமுக்கிப் பிடித்து, இடது கையால் மேல் குமிழைப் பிடித்துக்கொண்டு வலது கையால் வில்லை இழுப்பார். மூங்கில் ஆணிக்கான கால் அங்குல ஓட்டை, பிசிறே இருக்காது. நான் வாங்கி இழுத்தபோது கயிறு வழுக்கிக்கொண்டே இருந்தது. "அழுத்தாத கண்ணு, வில்லு ஓடட்டும்" என்று சொல்லி, கயிற்றை விரலாலேயே இறுக்கிக் காட்டினார். அதன் அலகு இரண்டு பக்கமும் சுரண்டும், அதனால் வில் போகும்போதும் வரும்போதும் வேலை நடக்கும். திருகாணி முனை இல்லாததால் மரத்தைப் பிளந்துகொண்டு போகாது, சட்டத்தின் ஓரத்திலும் தைரியமாகப் போடலாம். ஆனால் தூளை மேலே தள்ளாது. ஆழமாகப் போனால் அடிக்கடி வெளியே எடுத்துத் தட்டித்தான் ஆக வேண்டும்.

கை ட்ரில்லில் பல்சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் பிட்டு, அதாவது ஓட்டை போடும் அலகு, ஏறக்குறைய நான்கு சுற்று சுற்றும். வேகம் கூடுகிறது, முறுக்கு அந்த அளவுக்குக் குறைகிறது. ஆணிக்கும் ஸ்குரூவுக்கும் முன்னோட்டை போட நல்ல சாமான், 6 மில்லிமீட்டருக்கு மேல் போனால் கைதான் வலிக்கும். பழக ஐந்து நிமிஷம் போதும்.

நுகத்தடியில் குச்சி சொருக 1 அங்குல ஓட்டை வேண்டும், மரமோ கருவேலம் என்றால் பிரேஸை விட்டால் வேறு வழியே இல்லை. 10 அங்குல வட்டம் அடிக்கும் பிரேஸில் கைப்பிடி நடுவிலிருந்து 5 அங்குலம் தள்ளி நிற்கிறது, 1 அங்குல பிட்டின் விளிம்போ அரை அங்குலத்தில். கையின் பலம் பத்து மடங்காகப் போய்ச் சேரும். பிரேஸில் மாட்டும் சுருள் அலகான ஆகர் பிட்டின் திருகாணி முனை தானே உள்ளே இழுக்கும், சீவல் சுருள் சுருளாக மேலே வரும், அதைப் பார்க்கவே அத்தனை சந்தோஷம். முனை மறுபக்கம் எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, மரத்தைத் திருப்பி அங்கிருந்து போடுங்கள், இல்லையென்றால் பின்பக்கம் பிய்ந்துவிடும். மெல்லிய பலகையில், அதுவும் முனையோரத்தில், இதைத் தொடவே வேண்டாம். தரையில் உட்கார்ந்தும் சுற்ற முடியும்தான், ஆனால் நின்று நெஞ்சின் பாரத்தைத் தலைக்குமிழில் வைத்தால்தான் அதன் முழு பலம் கிடைக்கும்.

பழைய இரும்புக் கடையில் ஆகர் பிட்டு வாங்கினால், ஓட்டையின் விளிம்பை வெட்டும் ஓரப் பல்லை விரலால் தடவிப் பாருங்கள். யாராவது வெளிப்பக்கம் அரம் போட்டிருந்தால் ஓட்டை சிறுத்து, பிட்டு உள்ளே இறுகிவிடும். அதை எடுக்காதீர்கள். கூர் போடுவதாக இருந்தால் உள்பக்கம் மட்டும் போட வேண்டும்.